நெடுந்தீவுப் பெருக்கமரம்: ஒரு தாவரச் சாதியின் பிறப்பும் பரவலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் மக்கள் வாழ்வனவற்றில் மிகத் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும், பனந்தோப்புகளும், வெளிகளில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகளும் இத்தீவின் தனியடையாளங்களாகப் பேசப்படுவன. இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மற்றொன்று பெருக்கமரம். யானைத் தோலை ஒத்த சாம்பல் நிறப் பட்டையும், பருத்து உப்பிய அடியும், ஆளொருவர் குனிந்து நுழையத்தக்க பொந்தும் உடைய இம்மரம் இலங்கை மண்ணுக்கு இயல்பாய் உரியதன்று. இதன் தாயகம் ஆபிரிக்கப் பெருநிலம்.

அவ்வாறாயின் இஃது இங்கு வந்தது எவ்வாறு? அராபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்குத் தீனியாகக் கொணர்ந்து நட்டனர் என்பது மன்னாரிலும் தீவகத்திலும் வழங்கும் விடை. பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் இதனையே திரும்பத் திரும்ப எழுதி வருகின்றன. பல காலம் சொல்லப்பட்டு வந்தது என்ற ஒன்றே ஒரு கூற்றினை வரலாறாக்கி விடாது. இவ்விடையை ஆராயப் புகுமுன் இரண்டு வெவ்வேறு வரலாறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, மனிதன் தோன்றுவதற்கு முன்னரே இத்தாவரச் சாதி நிலங்களிடையே பரவிய வரலாறு. மற்றையது, மனிதன் தன் கலங்களில் அதனைக் கொண்டு திரிந்த வரலாறு. முன்னது கோடி ஆண்டுக் கணக்கினது; பின்னது சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டது. இவை இரண்டும் மயங்கியமையாலேயே இம்மரம் பற்றிய பல தவறான கருத்துகள் எழுந்தன.

தாவரவியலார் பெருக்கமரத்தை அடன்சோனியா என்னும் சாதியில் வைப்பர். முன்னர் இலவமரக் குடும்பம் எனத் தனித்து எண்ணப்பட்ட பகுப்பு, மூலக்கூற்று ஆய்வுகள் வளர்ந்த பின் செம்பருத்திக் குடும்பத்தினுள் அடக்கப்பட்டது. எனவே எமது வேலிகளில் நிற்கும் பூவரசும், முற்றத்துச் செம்பருத்தியும், வயற்பருத்தியும், தலையணைக்குப் பஞ்சு தரும் இலவும் பெருக்கமரத்துக்கு உறவுமுறையானவையே. இவற்றுள் இலவு மிக நெருங்கிய உறவு. கைவிரல் விரித்தாற்போன்ற கூட்டிலையையும் பருத்த அடியையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இவ்வுறவு புலனாகும். தீவக மக்கள் இதனை வேற்று நாட்டு விந்தையாகக் காட்டும்போது, பக்கத்தில் நிற்கும் பூவரசு அதன் இனத்தான் என்பதனை யாரும் நினைப்பதில்லை.

அடன்சோனியாச் சாதியில் இன்று எட்டு இனங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. (2012 இல் ஒன்பதாவதாக ஓர் ஆபிரிக்க இனம் முன்மொழியப்பட்டதாயினும் பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை.) எட்டில் ஆறு இனங்கள் மடகாசுகர் தீவில் மட்டும் வளர்வன. ஒன்று அவுத்திரேலியாவின் வடமேற்கிலுள்ள கிம்பர்லிப் பகுதிக்குரியது. எஞ்சிய ஒன்றே ஆபிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே பரந்து வளர்வது. நெடுந்தீவில் நிற்பதும் அவ்வினமே.

இவ்விசித்திரமான பரவல் அறிஞர் பலரை மயக்கிற்று. ஆபிரிக்கா, மடகாசுகர், அவுத்திரேலியா ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் பகுதிகளாய் ஒட்டி நின்றவை. கண்டங்கள் பிரிந்தபோது அவற்றோடு மரங்களும் பிரிந்து சென்றன எனக் கொள்வது எளிதாகவும் அழகாகவும் இருந்தது. ஆனால் காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. மடகாசுகர் ஆபிரிக்காவிலிருந்து பிரியத் தொடங்கி 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலத்துண்டு மடகாசுகரை விட்டு விலகி 8 கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆகின்றன. பெருக்கமரச் சாதியோ இவற்றோடு ஒப்பிடுகையில் மிக இளையது. ஊகான் தாவரவியற் பூங்கா, இலண்டன் கியூ பூங்கா முதலிய நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர் எட்டு இனங்களின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு 2024 இல் வெளியிட்ட ஆய்வு, இச்சாதி மடகாசுகரில் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது எனக் கணிக்கின்றது. அதாவது கண்டங்கள் பிரிந்து கடல் நடுவே விரிந்த பின்னரே மரம் பிறந்தது. ஆபிரிக்காவுக்கும் அவுத்திரேலியாவுக்கும் அது சென்றது நிலவழியன்று, கடல்வழியே. பலகை போல் வன்மையான ஓட்டினுள் மாச்சதையிற் புதைந்திருக்கும் வித்துகளைக் கொண்ட கனி நீரில் மிதக்க வல்லது. நீரோட்டத்தால் ஒதுக்கப்பட்ட சில கனிகள் இக்கண்டங்களில் வேரூன்றின என்பதே இன்றைய விளக்கம்.

பரவிய இடத்திலெல்லாம் இம்மரத்தின் பூ அவ்விடத்து உயிர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது எனலாம். எல்லா இனங்களும் மாலையில் அவிழ்ந்து ஓரிரவே மணக்கும் பெரிய பூக்களை உடையன. மடகாசுகர் இனங்கள் சிலவற்றிலும் அவுத்திரேலிய இனத்திலும் பூவின் குழாய் நீண்டது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்தந்துப்பூச்சிகளே அவற்றில் மகரந்தச் சேர்க்கை செய்வன. ஆபிரிக்க இனத்தின் பூ வெண்ணிறமாய்க் காம்பில் தலைகீழாகத் தொங்குவது. அதனை நாடி வருவது பழந்தின்னி வௌவால். பூவின் புளித்த நாற்றம் மனிதர்க்கு உவப்பானதன்று. வௌவாலுக்கு அதுவே அழைப்பு. எமது நாட்டிலும் பழந்தின்னி வௌவால்கள் உள்ளமையால், அந்நிய நாட்டு மரம் இங்கு பூத்துக் காய்ப்பதற்குத் துணையின்றித் தவிக்கவில்லை.

வித்துப் பரம்பலின் நிலை வேறு. ஆபிரிக்காவில் யானையும் குரங்கும் கனியை உடைத்துத் தின்று வித்தினைத் தொலைவில் இடுகின்றன. விலங்கின் குடலைக் கடந்த வித்து விரைவில் முளைக்கும். நெடுந்தீவில் அத்தகைய விலங்கில்லை. எனவே ஒருமுறை வந்த மரம் தானாகக் காடாய்ப் பெருகாது, நட்ட இடத்தில் தனித்தே நிற்பது வியப்பன்று.

ஈண்டு ஒரு வினா எழல் இயல்பு. கனி மிதந்து அவுத்திரேலியா வரை செல்லுமாயின், அதே கடல் அதனை இலங்கைக் கரையில் ஒதுக்கியிருக்கலாகாதோ? ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவ்வாறு இயற்கையாகப் பரவியிருப்பின், ஆளரவமற்ற கரைகளிலும் உட்காடுகளிலும் இம்மரம் வளர்ந்திருத்தல் வேண்டும். இலங்கையில் அது நிற்பதோ மன்னார், புத்தளம், நெடுந்தீவு எனக் கலங்கள் வந்து தங்கிய இடங்களின் அயலில். இந்தியாவிலும் குசராத்து, கொங்கணக் கரை, தக்காணத்துக் கோட்டை நகர்கள், இராமேசுவரம் என வணிகமும் படையும் யாத்திரையும் கூடிய இடங்களிலேயே அது மிகுதியும் காணப்படுகின்றது. கோல்கொண்டாக் கோட்டையினுள் நிற்கும் பெருமரத்தைக் கடலலை கொண்டுபோய் வைத்திராது. மரபணுச் சான்றும் இதற்கு இயைகின்றது. கேரன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் முதலியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்து மரங்கள் ஒரே தாயிலிருந்து வந்தவையல்ல, ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெவ்வேறு காலத்தில் மனிதரால் கொண்டுவரப்பட்டவை எனக் காட்டுகின்றது. கிழக்காபிரிக்கக் கரையோடு மட்டுமன்றி மேற்காபிரிக்காவோடும் உறவுடைய மரங்கள் அவற்றுள் உள.

மொழிச்சான்று இத்துறையில் போதிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து. சங்கப் பாடல்களில் இம்மரம் எனத் திட்டமாக அடையாளங் காணத்தக்க பெயர் எதுவுமில்லை. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிக் கூறுகின்றது. கையகலப் பூவை உடைய இம்மரம் அங்கில்லை. பிற்காலத்து வழங்கும் பெயர்களோ பெரும்பாலும் ஒட்டுப்பெயர்கள்: ஆனைப்புளி, பொந்தன்புளி, பப்பரப்புளி. ஏற்கெனவே அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பெயரிடுதல் புதிதாய் வந்த பொருளுக்கு மக்கள் செய்வது. கனியின் புளிப்பு புளியை நினைவூட்ட, மரத்தின் பருமையும் பொந்தும் அடைமொழிகளாயின. (புளியும் ஆபிரிக்காவிலிருந்தே வந்தது என்பது தாவரவியலார் துணிபு, ஆனால் அது மிகப் பழங்காலத்திலேயே வந்து எம்முடையதாகி, பின்வந்த உறவினனுக்குத் தன் பெயரைக் கொடுத்தது.) இவற்றுள் பப்பரப்புளி என்பதே வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவது. பப்பரம் என்பது தமிழ் நூல்கள் கூறும் அயல்தேசங்களுள் ஒன்று. செங்கடலுக்குத் தெற்கே சோமாலியக் கரையைக் கிரேக்கரும் அராபியரும் இதனோடு ஒலியொத்த பெயரால் அழைத்தனர். இம்மரம் எங்கிருந்து வந்தது என்னும் நினைவு இப்பெயரில் உறைந்து கிடக்கின்றது எனக் கொள்ளல் பொருந்தும் போலும். பெருக்கமரம் என்ற எமது பெயர் அதன் பருமனை மட்டுமே கூறுகின்றது.

இனித் தீவகத்துக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதனைப் பதிப்பித்தார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் எனவும், அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் எனவும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் ஆகும் எனவும், பிற வணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு ஆகும் எனவும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. உடைந்த கலத்துக்குச் சட்டம் வகுக்கும் அளவுக்கு அந்நியக் கலங்கள் இக்கடலில் ஓடின என்பதும், அவற்றிற் குதிரைகள் வந்தன என்பதும் இதனாற் பெறப்படும். குதிரைக்குச் சலுகை மிகுதி என்பது நோக்கற்பாலது; மன்னனுக்கு வேண்டியது எதுவென அப்பங்கீடே கூறுகின்றது. அல்லைப்பிட்டியில் 1977 இல் வெளிப்பட்ட சீன மட்பாண்டங்கள் 11 ஆம், 12 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018 இல் சாங்காய் அரும்பொருளகத்தார் அங்கு மீண்டும் அகழ்ந்தனர். தெற்கே மாந்தையின் அகழ்வுகளில் கிடைத்த எரிந்த தானியங்களிடையே கராம்பும் மிளகும் கோதுமையும் இருந்தன. கலத்தோடு பண்டம் மட்டுமன்றித் தாவரமும் வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆகவே அராபியர் அல்லது பிற மேற்கு வணிகர் மூலம் வித்து வந்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் ஒட்டகத் தீனி என்ற காரணம் ஐயத்துக்கு இடமானது. வித்து மரமாகித் தழை தருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். கலமேறி வந்த ஒட்டகம் அதுவரை பசித்திருக்க மாட்டாது. தீவகக் கல்வெட்டும் குதிரை, யானை என்றே கூறுகின்றது, ஒட்டகம் என்றன்று. கனியே காரணம் எனக் கொள்வது பொருத்தமானது. அதன் மாச்சதை தானே உலர்வது, பல மாதம் கெடாதது, உயிர்ச்சத்து சி நிறைந்தது, நீரிற் கரைத்தால் புளிப்பான பானமாவது. கடற்பயணிக்கு இதனிலும் ஏற்ற உணவு அரிது. காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் மருந்தாகவும் அது விற்கப்பட்டது. இத்தாலிய மருத்துவர் புரோசுப்பர் அல்பினி 1592 இல் வெளியிட்ட எகிப்தியத் தாவர நூலில் இக்கனியைக் குறிப்பிடுகின்றார். எகிப்தில் மரம் இல்லை, கனி மட்டும் சந்தைக்கு வந்தது. மரத்தைக் காணாமலே கனியைக் கையாண்ட சந்தைகள் இருந்தன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. தின்றவர் துப்பிய வித்தே பல துறைமுகங்களில் மரமாகியிருக்கும்.

இபின் பத்தூத்தாவின் பயணக்குறிப்பு இவ்விடத்துச் சுவையானது. அவர் 1344 இல் இலங்கை வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் புத்தளம் என்பது பெரும்பாலோர் கருத்து. எட்டாண்டு கழித்து, 1352 இல், மேற்காபிரிக்காவின் மாலி நாட்டுக்குச் செல்லும் வழியில் பெரும் பொந்துடைய மரங்களைக் கண்டு வியந்து எழுதினார். ஒரு பொந்தினுள் நெசவாளி ஒருவன் தறி வைத்து நெய்துகொண்டிருந்தானாம். அவர் கண்டவை பெருக்கமரங்கள் என்பதில் ஆய்வாளர் உடன்படுவர். இலங்கையில் இத்தகைய மரத்தைக் கண்டதாக அவர் கூறவில்லை. கூறாமையைக் கொண்டு இல்லாமையை நாட்டுதல் முறையன்று. எனினும், புத்தளத்தில் அன்று கண்ணைக் கவரும் பருமரம் இருந்திருப்பின், மாலியிற் கண்டதைப் புதுமையெனக் கொண்டாடும்போது அது நினைவுக்கு வந்திருக்காதா என வினவலாம். இங்கு நின்றவை அக்காலத்தில் இளமரங்களாய் இருந்திருத்தலும் கூடும்.

வணிகரைப் பற்றியே பேசும் வரலாறு மற்றொரு கூட்டத்தாரை மறந்துவிடுகின்றது. ஆபிரிக்கர் படைவீரராயும் மாலுமிகளாயும் அடிமைகளாயும் இந்துமாகடல் முழுவதும் கொண்டுவரப்பட்டனர். தக்காணத்து அபிசீனியப் படைத்தலைவர் புகழ்பெற்றவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை இலங்கைக்குக் கொணர்ந்தனர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் அவர் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். இம்மரத்தின் இலையைக் கறியாக்கவும், பட்டை நாரைக் கயிறாக்கவும், கனியை மருந்தாக்கவும் அறிந்தவர் அவர்களே. அராபிய வணிகனுக்கு அது பண்டம். ஆபிரிக்கனுக்கு அது ஊர். வித்தைப் பாதுகாத்து நடுவதற்கான காரணம் யாரிடம் மிகுதி எனக் கேட்பின், என் மனம் பின்னவனையே சாரும். அவன் பெயரில் கல்வெட்டு இல்லை.

நெடுந்தீவின் தனி வரலாறும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என்னும் பொருளிற் பெயரிட்டு அழைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகர்ப்பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர்: நெடுந்தீவு டெல்வ்ற், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் என. குதிரை வளர்ப்புக்கு இத்தீவினை அந்நியர் பயன்படுத்தினர். ஆங்கிலேயர் காலத்தின் முற்பகுதியில் நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் குதிரைப்பண்ணை நடந்தது. இவ்வாறு நான்கு வெவ்வேறு காலத்துக் கலங்கள் வந்துபோன கரையில் வித்து எக்கலத்தில் வந்தது என அறுதியிடல் எளிதன்று. ஆபிரிக்காவிலிருந்து நேரே வந்ததென்று கொள்ளவும் தேவையில்லை. 1859 இல் வெளிவந்த தம் நூலில் எமேர்சன் தெனன்ற் மன்னாரிலும் புத்தளத்திலும் இம்மரங்கள் நின்றமையை எழுதுகின்றார். மன்னாரில் மரங்கள் மிகுதி, நெடுந்தீவில் அருமை. உள்ளூர்த் தோணிகள் மன்னாருக்கும் தீவகத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடியவை. மன்னாரிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ இரண்டாம் கட்டமாக வித்து வந்தது என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

மரத்தின் வயதை அறிந்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும். ஆனால் பருமனைக் கொண்டு வயது கூறுதல் பிழையில் முடியும். இச்சாதிக்குத் தன் பெயரைத் தந்த பிரெஞ்சு அறிஞர் மிசேல் அடன்சன் 1749 இல் செனகலுக்குச் சென்று இம்மரங்களை அளந்தார். மாலுமிகள் பட்டையிற் பொறித்த பெயர்களையும் கண்டார். பெருமரங்கள் 5,000 ஆண்டுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிட்டார். இன்றைய கதிர்க்கரிக் கணிப்பில் மிக முதியதென அறியப்பட்ட சிம்பாப்வே மரம் ஏறத்தாழ 2,450 ஆண்டே வாழ்ந்தது. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் அடிச்சுற்று 19.5 மீற்றர்; அது 700 ஆண்டு பழையது என்பது வழக்கு. ஆனால் பல தண்டுகள் வட்டமாய் எழுந்து காலப்போக்கில் ஒன்றாய் ஒட்டி நடுவே வெற்றிடம் விடும் இயல்பு இம்மரத்துக்கு உண்டு என்பதை உருமேனிய அறிஞர் அட்ரியன் பற்றூற் குழுவினர் காட்டியுள்ளனர். அத்தகைய பொந்து உளுத்துப்போனதால் உண்டானதன்று, பிறவியிலேயே அமைந்தது. ஒட்டிய மரம் தனித்தண்டு மரத்தினும் மிக விரைவிற் பருமன் அடையும். ஆகவே இரு மரங்களின் சுற்றளவு ஒன்றாயிருப்பினும் வயது இருமடங்கு வேறுபடலாம். அதே குழுவினர் வட இந்தியாவில் கிந்தூர் என்னும் ஊரின் மரத்தை ஏறத்தாழ 800 ஆண்டு பழையதெனக் கணித்துள்ளனர். போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னரே இந்தியாவில் இம்மரம் நின்றது என்பது அதனால் உறுதி. நெடுந்தீவு மரத்துக்கு அம்முடிவை அப்படியே நீட்டிக் கூறுதல் ஆகாது.

காலந்தாழ்த்தவும் ஆகாது. 2018 இல் வெளிவந்த ஆய்வின்படி ஆபிரிக்காவின் மிக முதிய 13 மரங்களுள் 9 மரங்கள் 2005 இன் பின் முழுமையாகவோ பகுதியாகவோ பட்டுப்போயின. மரம் பட்டால் நார்த்திரளாய்ச் சரிந்து சில ஆண்டில் உருத்தெரியாது மறையும். பிற மரங்கள் போல் அடிக்கட்டையையும் விட்டுவைப்பதில்லை. 1990 இலும் 1991 இலும் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது வாய்மொழி மரபும் பல ஊர்களுக்குச் சிதறிற்று. மரம் யார் காணியில் நின்றது, கனியை எதற்குப் பயன்படுத்தினர், இளங்கன்று முன்னர் எங்காவது கண்டதுண்டா என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இன்று கொழும்பிலும் கனடாவிலும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுதல் வரலாற்றுத்துறை மாணவர் செய்யக்கூடிய பணி.

தாவரவியல் மாணவர்க்கும் பணி உண்டு. நெடுந்தீவு, மன்னார், புத்தளம், இராமேசுவரம் ஆகிய நான்கு இடத்து மரங்களிலிருந்து சில இலைகளைச் சேகரித்து ஒப்பிட்டால், தீவக மரத்தின் உறவு எதனோடு என்பது துலங்கும். வயதுக்கு, பொந்தின் உட்சுவரிலிருந்து எடுக்கும் சிறு மரத்துணுக்குகள் போதும். சுற்றளவு அளப்போர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும்: மழைக்காலத்தில் நீருண்டு தண்டு விரியும், வரட்சியிற் சுருங்கும். ஆதலின் மார்கழியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும், மார்பளவு உயரத்தில், ஒரே இடத்தில் நூல் பிடித்து அளத்தல் வேண்டும்.